ஆண்டுக்கு ஒரு டாலர்: ஃபுளோரிடா குறைந்தபட்ச ஊதியத்தை ஏற்றிய விதம்

2020 நவம்பர் 3 அன்று ஃபுளோரிடா வாக்காளர்கள் ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு முடிவுகளை எடுத்தார்கள். அதிபர் தேர்தலில் டிரம்புக்கு 51.2 சதவீத ஓட்டு. மாநிலத்தின் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 15 டாலருக்குக் கொண்டுபோகும் ‘திருத்தம் 2’ என்ற மாநில அரசியல் சாசனத் திருத்தத்துக்கு 60.8 சதவீத ஓட்டு. ஆளுநர் ரான் டிசாண்டிஸ் இந்தத் திருத்தம் வேண்டாம் என்றார். உணவகம், தங்கும் விடுதி நடத்துபவர்களின் சங்கம் கடுமையாக எதிர்த்தது. பெருந்தொற்றில் ஹோட்டல்களும் தீம் பார்க்குகளும் அடிபட்டுக் கிடந்த நேரம் வேறு. அப்படியும் நிறைவேறியது என்றால் டிரம்புக்கு ஓட்டுப் போட்டவர்களில் கணிசமான பேர் இதற்கும் ஆம் என்று போட்டிருக்க வேண்டும், வேறு வழியில் அந்தக் கணக்கு வராது.

அந்த வெற்றியைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். நான் இங்கே பார்க்க நினைப்பது 15 என்ற எண்ணை அல்ல, அதற்குப் போன பாதையை. 8.56 டாலரில் இருந்த ஊதியத்தை ஒரே நாளில் 15 ஆக்கவில்லை, ஆறு படியாகப் பிரித்து ஆறு வருஷத்தில் ஏறும்படி எழுதினார்கள். படிப்படியாக ஏற்றுவது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் படிகளை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் யாருக்கு எவ்வளவு கிடைக்கும், யார் எவ்வளவு இழப்பார்கள் என்பது தீர்மானமாகிறது, ஃபுளோரிடாவில் அந்த எழுத்தில் இரண்டு பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று விலைவாசி. இன்னொன்று சட்டத்தை அமல்படுத்த ஆளில்லாதது.

எப்படி இங்கே வந்து சேர்ந்தது

அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலை 24-க்குப் பிறகு அது ஒரு சென்ட்கூட ஏறவில்லை. அதனால் மாநிலங்கள் தனித்தனியாக ஏற்றிக்கொள்கின்றன, ஏற்றாத மாநிலங்கள் 7.25-லேயே நிற்கின்றன. ஃபுளோரிடாவின் வடக்கு எல்லையில் இருக்கும் ஜார்ஜியாவும் அலபாமாவும் இரண்டாவது வகை.

ஃபுளோரிடாவில் இது புதுசு இல்லை. 2004-லேயே ஒரு வாக்கெடுப்பு நடந்து, 71 சதவீத ஆதரவோடு குறைந்தபட்ச ஊதியம் மாநில அரசியல் சாசனத்துக்குள் போனது. 2005 மே மாதம் 6.15 டாலரில் ஆரம்பித்து, அதன்பின் ஒவ்வொரு வருஷமும் பணவீக்கத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்படி ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின்படி 15 வருஷம் நகர்ந்து 2020-இல் வந்து நின்ற இடம்தான் 8.56. விலைவாசியோடு கூடவே ஏறும் ஊதியம் தேய்ந்துபோகாது, அவ்வளவுதான். ஆரம்பத்திலேயே குறைவாக இருந்தால் கடைசிவரை குறைவாகவே இருக்கும்.

சரி, நகரங்களாவது தனியாக ஏற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். முடியாது. உள்ளாட்சிகள் தங்களுக்கென்று குறைந்தபட்ச ஊதியம் வைக்கக் கூடாது என்று 2003-இல் மாநிலச் சட்டம் தடுத்துவிட்டது. மயாமி பீச் நகரம் 2016-இல் துணிந்து பார்த்தது: 2018-இல் 10.31 டாலரில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு டாலர் ஏறி 2021-இல் 13.31-க்குப் போகும்படி ஒரு நகர விதி போட்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் செல்லாது என்றது, மாநில உச்ச நீதிமன்றம் முதலில் விசாரிக்க ஒப்புக்கொண்டு, 2019-இல் வேண்டாம் என்று விட்டுவிட்டது. கவனித்தால் தெரியும், வருஷத்துக்கு ஒரு டாலர் என்ற அச்சு அங்கேயே இருக்கிறது.

சட்டமன்றமும் செய்யாது, நகரங்களையும் செய்ய விடாது என்றால் மீதி இருப்பது மக்கள் கையெழுத்து வாங்கிக் கொண்டுவரும் அரசியல் சாசனத் திருத்தம் ஒன்றுதான். ஒர்லாண்டோவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஜான் மார்கன் அதற்கான கையெழுத்து இயக்கத்துக்குப் பெரும்பகுதிப் பணத்தைக் கொடுத்தார். 2016-இல் மருத்துவ கஞ்சாவை அனுமதித்த திருத்தத்துக்குப் பின்னால் இருந்ததும் அவர்தான். இதில் தாண்ட வேண்டிய உயரம் 60 சதவீதம். 2006-இல் ஒரு திருத்தத்தின் மூலம் பாதிக்கு மேல் என்பதை 60 என்று உயர்த்தினார்கள், அந்த உயர்த்தலுக்குக் கிடைத்ததே 57.8 சதவீதம்தான். அதாவது தானே வைத்த தேர்வில் தானே தேறாத ஒரு விதி. அந்த விதியை 2020-இல் ஊதியத் திருத்தம் ஒரு சதவீதத்துக்கும் குறைவான இடைவெளியில் தாண்டியது.

இந்த நெருக்கம் முக்கியம். படிகள் ஆறு வருஷத்துக்கு நீண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 51 போதும் என்ற இடத்தில் வேகமான அட்டவணையை முன்வைக்கலாம். 60 வேண்டும் என்றால் கடைக்காரர், ஓய்வுபெற்றவர், எதிர்க்கட்சிக்காரர் எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சம் சமாதானப்படுத்தும் அட்டவணை வேண்டும்.

படிகளின் கணக்கு

2021 ஜனவரி 1 அன்று பழைய முறைப்படி 8.65. பிறகு 2021 செப்டம்பர் 30 அன்று 10 டாலர். அதற்குப் பிறகு ஒவ்வொரு செப்டம்பர் 30-க்கும் ஒரு டாலர்: 2022-இல் 11, 2023-இல் 12, 2024-இல் 13, 2025-இல் 14, 2026-இல் 15. இதைவிட எளிமையாக எழுத முடியாது. வாக்குச்சீட்டில் போகும் விஷயத்துக்கு இந்த எளிமை தேவைதான், தெருவில் நின்று ஒரு வரியில் சொல்ல முடியும்.

ஆனால் டாலரில் சமமான படிகள் சதவீதத்தில் சமம் இல்லை. 8.65-இலிருந்து 10 என்பது 15.6 சதவீத ஏற்றம். 10-இலிருந்து 11 என்பது 10 சதவீதம். கடைசிப் படியான 14-இலிருந்து 15 வெறும் 7.1 சதவீதம். முதல் அடிதான் மிகப் பெரிய அடி, அது விழுந்ததோ பெருந்தொற்றிலிருந்து தொழில்கள் எழுந்துகொண்டிருந்த 2021-இல். முதலாளி பக்கம் பார்த்தால் சுமை முன்னால் குவிந்திருக்கிறது. தொழிலாளி பக்கம் பார்த்தால் பழகிக்கொண்ட பிறகு வரும் ஏற்றங்கள் சிறுத்துக்கொண்டே போகின்றன. சதவீதத்தில் எழுதியிருந்தால் இது மாறியிருக்கும், ஆனால் வாக்காளருக்குப் புரிய வைப்பது கஷ்டமாகியிருக்கும்.

டிப்ஸ் வாங்கும் ஊழியர்கள் விஷயம் இன்னும் சுவாரசியமானது. உணவகத்தில் பரிமாறுகிறவருக்கு முழு ஊதியம் தர வேண்டியதில்லை, டிப்ஸ் வருகிறது என்ற கணக்கில் முதலாளி 3.02 டாலர் குறைத்துக் கொடுக்கலாம், டிப்ஸோடு சேர்த்து முழு ஊதியம் வராவிட்டால் மட்டும் மீதியைப் போட வேண்டும். அந்த 3.02 என்பது 2003-இல் மத்திய அரசின் ஊதியம் 5.15 ஆக இருந்தபோது டிப்ஸ் ஊழியருக்கு இருந்த 2.13-ஐக் கழித்து வந்த எண். அப்போது எழுதி வைத்தது அப்படியே உறைந்துவிட்டது. அதனால் திருத்தம் ஏற ஏற, அந்த 3.02 பெரிதாகாமல் நிற்க, டிப்ஸ் ஊழியரின் நேரடிச் சம்பளம் 2020-இல் இருந்த 5.54-இலிருந்து 2025 செப்டம்பரில் 10.98-க்கு வந்துவிட்டது, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மற்றவர்களுக்கு 8.56-இலிருந்து 14 என்பது சுமார் 64 சதவீதம்தான். உணவகச் சங்கம் ஏன் அவ்வளவு எதிர்த்தது என்பதற்கு இந்த எண்ணைப் பார்த்தாலே போதும். எனக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை. மணிக்கு 5.54 கொடுத்துவிட்டு மீதியை வாடிக்கையாளரின் மனநிலைக்கு விடுவது ஒரு மோசமான ஏற்பாடு, மேசைக்கு ஆள் வராத நாளில் அந்த ஊழியரின் வீட்டு வாடகை குறைவதில்லை.

விலைவாசி என்ற முதல் ஓட்டை

2004-இலிருந்து இருந்த பணவீக்க ஏற்பாட்டை 2020 திருத்தம் படி ஏறும் காலம் முழுக்க நிறுத்தி வைத்தது. டாலர் படிகள் போதும், 15-க்குப் போனபின் மறுபடி பணவீக்கக் கணக்கு என்று எழுதினார்கள். முதல் கணக்கு 2027 செப்டம்பர் 30 அன்று. 2020-இல் இது யாருக்கும் பெரிய தவறாகத் தெரிந்திருக்காது, அதற்கு முந்தைய பத்து வருஷம் பணவீக்கம் சராசரியாக இரண்டு சதவீதத்தை ஒட்டியே இருந்தது. அந்த வேகத்தில் போயிருந்தால் 2026-இல் வரும் 15 டாலருக்கு 2020 விலையில் சுமார் 13.30 டாலர் மதிப்பு இருந்திருக்கும்.

நடந்தது வேறு. 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் ஆண்டுப் பணவீக்கம் 8.2 சதவீதம். அதே மாதம் 30-ஆம் தேதி ஃபுளோரிடாவில் 10 டாலர் 11 ஆனது, அதாவது 10 சதவீத ஏற்றம். கையில் உண்மையாக மிஞ்சியது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. அந்த வருஷத்துப் படியில் பெரும்பகுதியை விலைவாசி விழுங்கிவிட்டது. தம்பா, மயாமி, ஒர்லாண்டோ பக்கம் அந்தச் சமயத்தில் வீட்டு வாடகை ஏறிய வேகம் தெரிந்தவர்களுக்கு, தேசிய சராசரி என்ற 8.2 கூட அங்கே இருந்த நிலைமையைக் குறைத்துச் சொல்கிறது என்று புரியும்.

2025 செப்டம்பரில் வந்த 14 டாலரை 2020 நவம்பர் விலைக்கு மாற்றினால் சுமார் 11.20. ஆக, 8.56-இலிருந்து 11.20, உண்மையான ஏற்றம் 30 சதவீதம் போல. இது சின்ன விஷயம் இல்லை, திருத்தம் இல்லாமல் பழைய ஏற்பாடே தொடர்ந்திருந்தால் உண்மை மதிப்பு 8.56-ஐச் சுற்றியே நின்றிருக்கும். ஆனால் 2020-இல் வாக்காளர் எதற்கு ஆம் என்று போட்டாரோ அந்த 15-ஐ, அது வந்து சேரும்போது கையில் எடுத்துப் பார்த்தால் 12 டாலர் அளவுக்குத்தான் இருக்கும். படிகளை டாலரில் எழுதி, காலத்தை நீட்டி, பணவீக்கத்தை வெளியே விட்டால், விலை ஏறும் அபாயம் முழுவதும் தொழிலாளி தலையில் போகிறது. விலை ஏறினால் முதலாளியின் வருமானமும் டாலர் கணக்கில் ஏறுகிறது, அவர் தர வேண்டிய ஊதியம் மட்டும் பழைய தாளில் எழுதியபடி நிற்கிறது.

இதைத் தவிர்க்க ஒரு வழி ஏற்கனவே கலிஃபோர்னியாவில் இருந்தது. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 2016 ஏப்ரல் 4 அன்று கையெழுத்திட்ட சட்டப்படி அங்கே 10 டாலரிலிருந்து 2022-க்குள் 15. 25 பேர் வரை வேலைக்கு வைத்திருக்கும் சின்ன நிறுவனங்களுக்கு ஒவ்வொரு படியிலும் ஒரு வருஷம் கூடுதல் அவகாசம். அதோடு, பணவீக்கம் 7 சதவீதத்தைத் தாண்டினால் சின்ன நிறுவனம் பெரிய நிறுவனம் என்று பார்க்காமல் உடனே எல்லோருக்கும் ஏற்ற வேண்டும் என்று ஒரு வரி. அந்த வரி யாரும் எதிர்பார்க்காதபடி வேலைக்கு வந்தது, 2023 ஜனவரியில் எல்லோருக்கும் 15.50 ஆனது. குறை இல்லாமல் இல்லை, வருஷ ஏற்றத்துக்கு 3.5 சதவீதம் என்று ஒரு உச்சவரம்பு போட்டிருந்ததால் முழு இழப்பையும் ஈடுகட்டவில்லை. ஆனாலும் விலைவாசி சட்டத்துக்குள்ளே இருந்தது. ஃபுளோரிடாவில் ஆறு வருஷம் அது வெளியே நின்றது.

பிரேக் இல்லாத வண்டி

கலிஃபோர்னியா சட்டத்தில் இன்னொன்றும் உண்டு: வேலைவாய்ப்போ மாநில நிதிநிலையோ மோசமானால் ஆளுநர் ஒரு படியை ஒரு வருஷம் தள்ளிப்போடலாம். 2020 பெருந்தொற்றில் அந்த நிபந்தனை கைக்கு வந்தது, ஆளுநர் கேவின் நியூசம் பயன்படுத்தவில்லை, 2021-இல் 14 டாலர் சொன்னபடி வந்தது.

ஃபுளோரிடாவில் அப்படி எதுவும் கிடையாது. தேதி வந்தால் ஊதியம் ஏறும். 2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயல் தென்மேற்குக் கரையில் ஏறி ஃபோர்ட் மையர்ஸ் பக்கத்தைத் துடைத்துப் போட்டது, இரண்டாவது நாள் 11 டாலர் அமலுக்கு வந்தது. 2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் புயல், நான்கு நாள் கழித்து 13 டாலர். செப்டம்பர் என்பது அங்கே புயல் பருவத்தின் உச்சம், சுற்றுலாக் கூட்டம் மிகக் குறைவாக இருக்கும் மாதமும் அதுதான். சம்பளச் செலவு ஏறும் நாளைப் போய் கல்லாவில் பணம் குறைவாக இருக்கும் மாதத்தில் வைத்தது நல்ல தேர்வு என்று சொல்ல மாட்டேன். பழைய ஏற்பாட்டில் செப்டம்பர் 30 கணக்குப் போடும் நாள், ஜனவரி 1 அமலுக்கு வரும் நாள். ஜனவரி என்றால் குளிர்காலப் பயணிகள் வந்து இறங்கியிருப்பார்கள். அதை மாற்றாமலே விட்டிருக்கலாம்.

பிரேக் இருந்திருக்க வேண்டுமா? இயன் அடித்த லீ மாவட்டத்துக்காக முழு மாநிலத்தின் ஏற்றத்தையும் நிறுத்தும் அதிகாரம் ஆளுநருக்கு இருந்திருந்தால், ஊதிய உயர்வையே எதிர்த்த ஆளுநர் அதை எப்படிப் பயன்படுத்தியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் பிரேக் இல்லாதது நல்லது என்றே எனக்குத் தோன்றுகிறது. புயலில் அடிபட்ட சின்னக் கடைக்கு உதவ வேறு வழிகள் இருக்கின்றன, வீடு இடிந்துபோன சமையல்காரரின் ஊதியத்தைத் தள்ளிப்போடுவது அதில் ஒன்றல்ல.

வேலைகள் போனதா?

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. 2022, 2023 இரண்டு வருஷமும் ஃபுளோரிடாவின் வேலையின்மை 3 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. இதை வைத்து ஊதிய உயர்வால் வேலை போகவே இல்லை என்று சொல்வது நேர்மையாக இருக்காது. பெருந்தொற்றுக்குப் பிறகு ஆட்கள் வந்து குவிந்தார்கள், சுற்றுலா திரும்பியது, ஆள் கிடைக்காமல் கடைகள் தாமாகவே கூடுதலாகக் கொடுத்தன. சந்தை ஊதியம் பல இடங்களில் சட்டப் படிகளுக்கு முன்னால் ஓடியது. வால்ட் டிஸ்னி வேர்ல்டில் தொழிற்சங்கங்கள் 2018-லேயே பேசி, 10 டாலராக இருந்த ஆரம்பச் சம்பளம் 2021-க்குள் 15 ஆகும்படி ஒப்பந்தம் போட்டுவிட்டன, அதுவும் படிப்படியாகத்தான். ஒர்லாண்டோவில் அவ்வளவு பெரிய முதலாளி 15 கொடுக்கும்போது எதிரே இருக்கும் ஹோட்டல் 10 டாலருக்கு ஆள் தேட முடியாது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றால், அளவைப் பொறுத்தது என்கின்றன. 1992-இல் நியூஜெர்சி 4.25-இலிருந்து 5.05-க்கு ஏற்றியபோது பக்கத்துப் பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டு துரித உணவுக் கடைகளில் வேலை குறையவில்லை என்று டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் காட்டினார்கள், கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்ததில் அந்த வேலைக்குப் பங்குண்டு. சியாட்டிலில் 13 டாலர் வரை ஏறியபோது குறைந்த ஊதியக்காரர்களின் வேலை மணிநேரம் குறைந்தது என்று வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2017-இல் சொன்னது, அதை மறுத்தவர்களும் உண்டு. நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் 2019-இல் நாடு முழுக்க 2025-க்குள் 15 என்றால் 1.7 கோடிப் பேருக்கு ஊதியம் ஏறும், 13 லட்சம் பேர் வறுமையிலிருந்து வெளியே வருவார்கள், நடுத்தர மதிப்பீட்டில் 13 லட்சம் வேலைகள் போகும் என்று கணித்தது.

ஃபுளோரிடாவில் என் கவலை மயாமி இல்லை. வடக்கே, அலபாமா எல்லையை ஒட்டிய சின்ன ஊர்கள். அங்கே வாடகை குறைவு, வியாபாரமும் குறைவு, எல்லைக்கு அந்தப் பக்கம் 7.25, இந்தப் பக்கம் 14. மயாமிக்குக் குறைவாக இருக்கும் ஒரு எண் அந்த ஊருக்கு அதிகமாக இருக்கலாம். நகரங்களை அவரவர் நிலைமைக்கேற்ப ஏற்ற விட்டிருந்தால் மாநில எண் இவ்வளவு வேலையை ஒற்றையாகச் செய்ய வேண்டி வந்திருக்காது. 2003-இல் நகரங்களின் கையைக் கட்டியவர்கள், 2020-இல் மாநிலம் முழுக்க ஒரே எண்ணா என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை.

ஒரு டாலர் எங்கே போகிறது

ஒரு படியைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். 13-இலிருந்து 14. வாரம் 40 மணி, வருஷம் 52 வாரம் வேலை செய்கிறவருக்கு வருஷத்துக்கு 2,080 டாலர் கூடுகிறது. இவர் இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கும் தாய் என்று வைத்துக்கொள்வோம், உணவு உதவியும் வாங்குகிறார். சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பிடித்தம் 7.65 சதவீதம், சுமார் 159 டாலர். ஸ்னாப் எனப்படும் உணவு உதவியில் சம்பாதிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் சுமார் 24 சென்ட் குறையும், அது 499. உழைப்பவருக்கான வரிச் சலுகை இந்த வருமான அளவில் டாலருக்கு 21 சென்ட் வீதம் குறைந்துகொண்டே வரும், அது 438. கடைசியில் கையில் நிற்பது ஆயிரம் டாலருக்குக் கொஞ்சம் குறைவு. பாதிக்குக் கீழே. மாநில வருமான வரி ஃபுளோரிடாவில் இல்லை, இருந்தால் இன்னும் குறையும். ஊதியத்தைப் படிப்படியாக ஏற்றினோமே, உதவித் திட்டங்களின் வரம்பையும் அதோடு சேர்த்துப் பார்த்தோமா என்றால், இல்லை.

ஆனால் இதே ஏற்றம் இன்னொருவருக்கு நேர்மாறாக வேலை செய்கிறது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்எய்டை ஃபுளோரிடா விரிவாக்கவில்லை. அதனால் வறுமைக் கோட்டுக்குக் கீழே சம்பாதிக்கும், பிள்ளைகள் இல்லாத ஒருவருக்கு மெடிக்எய்டும் கிடையாது, காப்பீட்டுச் சந்தையில் மானியமும் கிடையாது. வாரம் 25 மணிநேரம் 8.56-க்கு வேலை செய்தவரின் வருஷ வருமானம் 11,128 டாலர், தனிநபர் வறுமைக் கோடு அப்போது 12,000-க்கு மேல். அந்த ஆள் இரண்டுமே கிடைக்காத பள்ளத்துக்குள் இருந்தார். அதே 25 மணிநேரம் 14 டாலருக்கு என்றால் 18,200. இப்போது கோட்டுக்கு மேலே, மானியத்தோடு காப்பீடு வாங்கலாம். மணிநேரத்தைக் குறைக்காமல் இருக்க வேண்டும், அது முக்கியம்.

முதலாளி மேசையிலும் சில விஷயங்கள் இருக்கின்றன. முழுநேர ஊழியர் பத்துப் பேர் என்றால் ஒரு டாலர் படிக்கு அவர் பங்குக்கான வரியும் சேர்த்து வருஷத்துக்கு 22,400 டாலர் வரும். செப்டம்பர் 30 பெரும்பாலும் சம்பள வாரத்தின் நடுவில் விழுகிறது, 2025-இல் செவ்வாய், 2026-இல் புதன், அதனால் ஒரே சம்பளச் சீட்டில் இரண்டு விகிதம் போட வேண்டும். அதைவிடப் பெரிய தலைவலி மேலே இருப்பவர்கள். ஐந்து வருஷம் வேலை செய்து 14 டாலருக்கு வந்த ஷிப்ட் சூப்பர்வைசருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் ஒரே சம்பளம் என்றால் அவர் முகம் சுருங்கத்தான் செய்யும். படிகளின் நிஜமான நன்மை எனக்குத் தெரிந்தது இங்கேதான்: அடுத்த வருஷம் எவ்வளவு என்று ஐந்து வருஷம் முன்பே தெரியும், விலைப்பட்டியலையும் மற்றவர்களின் சம்பளத்தையும் அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளலாம். ஒரே நாளில் 15 என்றால் இது முடியாது.

படியைப் பாதியில் உடைக்க முடியுமா

நீண்ட அட்டவணையின் அபாயம் இது. வர்ஜீனியாவில் 2020 சட்டம் 2023-க்குள் 12 டாலர் என்றது, அதற்கு மேல் 15 வரை போக சட்டமன்றம் 2024-க்குள் மறுபடி ஒப்புதல் தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. இடையில் ஆட்சி மாறியது, ஆளுநர் கிளென் யங்கின் 2024-இல் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தி நிறுத்திவிட்டார். மிசூரியில் 2024 நவம்பரில் மக்களே 57 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் போட்டு 2026-இல் 15 டாலர், பிறகு பணவீக்க ஏற்றம், சம்பளத்தோடு நோய் விடுப்பு என்று கொண்டுவந்தார்கள். அது சாதாரணச் சட்டமாக இருந்ததால் அடுத்த வருஷமே சட்டமன்றம் பணவீக்க ஏற்றத்தையும் நோய் விடுப்பையும் நீக்கிவிட்டது.

ஃபுளோரிடாவில் அது நடக்கவில்லை, காரணம் அரசியல் சாசனம். 60 சதவீதம் வாங்கி உள்ளே போனதை வெளியே எடுக்க மறுபடி 60 சதவீதம் வேண்டும். முயற்சி இல்லாமல் இல்லை. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் சிறை சென்று வந்தவர்களுக்கும் குறைந்த ஊதியம் தர வழிசெய்யும் திருத்த யோசனை 2021-இல் வந்தது. பயிற்சியாளர்கள் தாமாகவே குறைந்தபட்ச ஊதியத்தை விட்டுக்கொடுக்கலாம் என்று ஒரு மசோதா 2025-இல் வந்தது. இரண்டும் நிறைவேறவில்லை. கடினமான வாசல் உள்ளே போகும்போது தடையாக இருந்தது, உள்ளே போனபின் அதே வாசல் காவலாகிவிட்டது.

யாரிடம் போய்ச் சொல்வது

இரண்டாவது ஓட்டை இதுதான், எனக்கு மிக வருத்தமானதும் இதுதான். ஃபுளோரிடாவில் மாநிலத் தொழிலாளர் துறை என்று ஒன்று இல்லை, 2002-இல் கலைத்துவிட்டார்கள். வருஷா வருஷம் புது ஊதியத்தை வணிகத் துறை அறிவிக்கிறது, அத்தோடு சரி. சட்டப்படி மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குப் போடலாம், வேண்டுமென்றே மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 1,000 டாலர் அபராதம் உண்டு. மற்றபடி தொழிலாளி தானே வழக்காட வேண்டும். அதற்கு முன் முதலாளிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்: எந்த விகிதம், எந்தெந்தத் தேதி, எத்தனை மணிநேரம், மொத்தம் எவ்வளவு பாக்கி. அதற்குப் பிறகு 15 நாள் அவகாசம். ஹோட்டல் அறை சுத்தம் செய்யும், ஆங்கிலம் அதிகம் தெரியாத ஒரு பெண் இன்னும் அங்கேயே வேலையில் இருந்துகொண்டு இந்தக் கடிதத்தை எழுதுவார் என்று எதிர்பார்க்கிறது இந்தச் சட்டம்.

மத்திய அரசின் ஊதியப் பிரிவிடம் போகலாமே என்றால், அவர்கள் பார்ப்பது 7.25-ஐ மட்டும்தான். 14 டாலர் தர வேண்டிய இடத்தில் ஒரு முதலாளி 9 டாலர் கொடுத்தால் மத்திய சட்டத்தின் கண்ணில் அவர் எந்தக் குறைந்தபட்ச ஊதியத்தையும் மீறவில்லை. 2020-இல் மத்திய ஊதியத்துக்கும் மாநில ஊதியத்துக்கும் இடையே இருந்த தூரம் 1.31 டாலர். 2025 செப்டம்பரில் 6.75. 15 வரும்போது 7.75. ஒவ்வொரு படி ஏறும்போதும், எந்த ஆய்வாளரும் வந்து பார்க்காத அந்த இடைவெளி ஒரு டாலர் அகலமாகிறது. ஊதியத்துக்கு ஆறு வருஷத் திட்டம் போட்டவர்கள் ஆய்வாளர்களுக்கும் ஒரு திட்டம் போட்டிருக்கலாம்: முதல் படிக்கு ஒரு அலுவலகம், இரண்டாம் படிக்கு ஸ்பானிஷும் ஹெயிட்டிய கிரியோலும் பேசும் ஊழியர்கள், மூன்றாம் படிக்கு வடக்கு மாவட்டங்களுக்குக் கிளை என்று. அரசியல் சாசனத்தைத் தொடாமல், சாதாரணச் சட்டம் ஒன்றால் சட்டமன்றம் இப்போதும் அதைச் செய்ய முடியும்.